கழற்ற விட்டால்தானே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடைக்கு வருகிறவர்கள் புரட்டட்டும் என்று பதினோரு வருடமாக உங்கள் பத்திரிகையைத்தான் வாங்கிப் போட்டு வைக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நாளைய கணினி இயங்குதளம் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கணினியையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்) தனித்தனிப் பாகங்களாக வரும், வேண்டியதை மாட்டிக்கொண்டு வேண்டாததைக் கழற்றிவிடலாம், சாதாரண மக்கள்தான் பழகத் தயங்குகிறார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் இருந்தது. தயங்குகிறோமாம்! மவுஸுக்குள் உருண்டை இருந்த காலத்திலிருந்து டி.டி.பி. கடை, அதாவது கணினியில் எழுத்துக் கோர்த்து அச்சடித்துக் கொடுக்கும் கடை, நடத்துகிறேன். கணினி கிளம்பவில்லை என்றால் ராம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். போனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றுவேன். கழற்றி மாட்டுவதை எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்?

போன ஆனியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்தார். அப்பா தவறிவிட்டார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கணினியைப் போட்டால் புதுப்பிப்பு நடக்கிறதாம், அணைக்கக் கூடாதாம். 27 சதவீதத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. அவர் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கையில் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வழியாகத் திறந்தால் பிரிண்டரைக் காணோம். அதற்குப் பதிலாகத் திரையின் மூலையில் வானிலை வந்திருக்கிறது: 34 டிகிரி, வெயில். அதை நான் வாசலில் நின்றே பார்த்துக்கொள்வேனே. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து எதிர்க் கடைக்குப் போனார்.

தயங்குவது நாங்களல்ல, கழற்ற விடாதது தயாரிக்கிறவர்கள்தான். பிரிக்கவே முடியாது என்ற அவர்கள் பேச்சும் புதிதல்ல. 1998இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டபோது, விண்டோஸ் 98இலிருந்து பிரவுசரைத் தனியே பிரிக்க முடியாது என்று அதைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் வாதாடியது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்புறம் 2004இல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவு போட்டதும் மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் வந்தது. விலை மட்டும் குறையவில்லை. 2024 மார்ச்சில் அங்கே புதுச் சட்டம் கெடுபிடியானதும் விண்டோஸோடு ஒட்டி வரும் எட்ஜ் பிரவுசரையே நீக்கிக்கொள்ள வழி விட்டார்கள். ஐரோப்பாவில் கழல்கிற திருகு மன்னார்குடியில் மட்டும் ஏன் துருப்பிடித்து நிற்கிறது? இதைக் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். பாகம் பாகமாகக் கட்டப்படுவதாகப் பேசப்பட்ட, 2019இல் அறிவித்த விண்டோஸ் 10எக்ஸை 2021 மே மாதம் கைவிட்டார்களே, அதற்காவது ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

லினக்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. க்நோம் என்கிற திரை அமைப்பு பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு எக்ஸ்.எஃப்.சி.இ. என்கிற இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மையப் பகுதியான கெர்னலில், கருவிகளை இயக்கும் டிரைவரை ஏற்றலாம், இறக்கலாம். அக்கா மகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் நம் நாட்டிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸ்கூட இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது அதைத் திறந்து காட்டியிருப்பார்களா? எனக்கோ பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகைகள் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் கிடக்கின்றன. ஒரு கொம்பு, ஒரு கால் பிசகாமல் அவற்றை லினக்ஸில் திறந்து காட்டுகிறவரிடம் கடைச் சாவியையே கொடுத்துவிடுகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, கடை நேரத்தில் புதுப்பிப்பு ஓடாமல் நிறுத்தி வைப்பது எப்படி என்று தமிழில் படிப்படியாகப் போடுங்கள். வெட்டி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறேன். அதையும் கருநீலப் பின்னணியில் சாம்பல் எழுத்தில் அச்சடித்துவிடாதீர்கள். சென்ற கட்டுரையைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்து முடித்தேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி.