கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டி கேட்டு மூன்றாவது முறையாகக் கோரிக்கை மனு

அனுப்புநர்: மேல் முகாம் தளத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் சார்பில்

பெறுநர்: உயர்திரு வன அலுவலர் அவர்கள்

பொருள்: மேல் முகாம் தளத்தில் கொக்கி உடைந்த குப்பைத்தொட்டியை அகற்றி, கரடியால் திறக்க முடியாத தொட்டியும் உணவுப் பெட்டிகளும் அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் ஏற்கெனவே நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு எவ்வளவு வேலை என்று எங்களுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய காட்டை இருக்கிற கொஞ்ச ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்வது லேசான காரியம் அல்ல, அதனால்தான் முதல் மனுவுக்குப் பதில் வராதபோது பொறுத்திருந்தோம், இரண்டாவதற்கு வராதபோதும் பொறுத்திருந்தோம். போன வாரம் நடந்ததற்குப் பிறகு பொறுக்க முடியவில்லை, மறுபடியும் எழுதுகிறேன்.

மேல் தளத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை, வலப்பக்கம் சமையல் திண்ணை, அதற்குப் பின்னால் அந்தப் பச்சைத் தொட்டி. எங்கள் குறை முழுக்க அந்தத் தொட்டியைப் பற்றித்தான்.

1. தொட்டியின் கொக்கி உடைந்து இரண்டு பருவம் ஆகிறது. மூடி திறந்துகொள்ளாமல் இருக்க யாரோ மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள், அன்றிலிருந்து அந்தக் கல்தான் பூட்டு. மூடி விளிம்பில் நகம் இழுத்த கோடுகள் நாலைந்து, அந்த இடத்தில் பெயின்ட் உரிந்து தகரம் தெரிகிறது, ஒரு மூலை மேல்நோக்கி வளைந்து கிடக்கிறது. விடுமுறை நாள் முடிந்தால் தொட்டி வழிகிறது, இடமில்லாமல் பைகளைப் பக்கத்திலேயே தரையில் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள், குப்பை வண்டி வருவதற்குள் நாலைந்து ராத்திரி போய்விடுகிறது. காலி மீன் டப்பா, எண்ணெய்க் காகிதம், பாதி தின்ற பழம் எல்லாம் அங்கே கிடந்தால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் கரடிக்கும் வாசம் போகும். கரடியின் மோப்பத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2. நாங்கள் ஒழுங்காக இருப்பதில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். அன்றைக்கு நானும் மனைவியும் எட்டு வயது மகளும் போயிருந்தோம். சமைத்த இடத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே நூறு மீட்டர் விட்டோம். சாப்பாடு, பற்பசை, சோப்பு, உதட்டுக்குத் தடவும் களிம்பு என்று வாசமுள்ளது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, நாலு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சமைக்கும்போது போட்டிருந்த சட்டையோடு தூங்கக் கூடாது என்று அதையும் கழற்றி அந்தப் பையிலேயே வைத்தோம். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கல் விழுந்த சத்தம். அப்புறம் தகரம் உரசுகிற சத்தம், நூறு மீட்டர் தள்ளியிருந்தும் காதுக்குப் பக்கத்தில் கேட்ட மாதிரி இருந்தது. கூடார ஜிப்பை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். தாய்க் கரடி பின்னங்காலில் நின்றுகொண்டு மூடியை முன்னங்காலால் தூக்கிப் பிடித்திருந்தது, குட்டி ஒன்று உள்ளே இருந்தது, இன்னொன்று வெளியே எதையோ கவ்விக்கொண்டு நின்றது. பழகின வேலை மாதிரி அவ்வளவு நிதானமாகச் செய்தது அந்தத் தாய். கொஞ்ச நேரத்தில் வெளியே நின்ற குட்டி ஒரு உறையை இழுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டது. தாய் அங்கே, குட்டி இங்கே, நடுவில் நாங்கள். இதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை என்று தங்களுக்குத் தெரியும். மகள் வாயை என் கையால் பொத்தியிருந்தேன், அவள் பல் என் உள்ளங்கையில் அழுந்தினது இப்போதும் நினைவிருக்கிறது. தாயும் வந்தது. துணிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று தடவை பலமாக மூச்சு விட்டது, பிறகு குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. விடிந்து பார்த்தால், மகள் தலை வைத்திருந்த இடத்துக்கு நேர் வெளியே துணியில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் காய்ந்த கறை. இன்னும் கழுவவில்லை. தாங்கள் பார்க்க விரும்பினால் கூடாரத்தையே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

3. அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது இரை தேடுகிறது, எளிதாகக் கிடைக்கிற இடத்துக்கு வருகிறது, வருகிற இடத்தைக் குட்டிகளுக்கும் காட்டிக்கொடுக்கிறது. குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் கொழுப்புச் சேர்க்கிற காலத்தில் ஒரு கரடி நாளைக்கு 20,000 கலோரி வரைகூடத் தின்னும் என்கிறார்கள், அந்தக் காலம் இதோ வரப்போகிறது. மனுஷன் சாப்பாட்டில் ருசி கண்ட கரடியைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு மலையில் விட்டாலும் பல சமயம் திரும்பி வந்துவிடுகிறது. கடைசியில் துப்பாக்கிதான். கொக்கி ஒன்றை மாற்றாததற்கு ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் சாக வேண்டுமா ஐயா? அல்லது அதற்கு முன்னால் எங்களில் ஒருவர் போக வேண்டுமா?

இது புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1967 ஆகஸ்டில் ஒரே ராத்திரி, இரண்டு வேறு வேறு இடங்களில், முகாமிட்டிருந்த இரண்டு இளம்பெண்களைக் கரடிகள் கொன்றன. அதில் ஓர் இடத்தில் விருந்தினர் விடுதியின் மிச்சம் மீதியைத் தின்ன கரடிகள் தினமும் வருவதை ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் குப்பை விஷயத்தில் கண்டிப்பு வந்தது, அங்கேயே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கடைசித் திறந்தவெளிக் குப்பைமேட்டையும் 1970இல் மூடினார்கள். யோசமிட்டி தேசியப் பூங்காவில் 1998இல் மட்டும் கரடித் தொல்லை 1,500 தடவைக்கு மேல் பதிவானது, முகாம்களில் இரும்பு உணவுப் பெட்டி வைத்து, மலையேறுகிறவர்கள் கையில் கரடி திறக்க முடியாத டப்பா இருக்க வேண்டும் என்று விதித்து, விடாமல் கண்காணித்த பிறகு அது பெருமளவு குறைந்துவிட்டது. அங்கே இருக்கிறதும் கரடிதான், இங்கே இருக்கிறதும் கரடிதான்.

4. அறிவிப்புப் பலகை. “கரடி நடமாட்டம் உள்ள பகுதி, கவனம்” என்று இருக்கிறது. சரி, கவனமாக இருந்து என்ன செய்வது? கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதனால் ஓடாதே, முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கு என்று ஒரு வரி எழுதக் கூடாதா. மிளகாய் ஸ்ப்ரே பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை, இடுப்பில் இருக்க வேண்டும், பாய்ந்து வரும் கரடி பத்துப் பதினைந்து மீட்டரில் இருக்கும்போதே அடிக்க வேண்டும் என்று எழுதக் கூடாதா. போன மாதம் ஒருவர் அதைக் கொசு மருந்து மாதிரி கூடாரம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தார், நான்தான் ஓடிப்போய்த் தடுத்தேன். குட்டியைக் காப்பாற்றத் தாக்குகிற பழுப்புக் கரடியிடம் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும், கருங்கரடியிடம் அப்படிக் கிடக்காமல் எதிர்த்து அடிக்க வேண்டும், ராத்திரி கூடாரத்துக்குள் நுழைகிற கரடி எதுவானாலும் எதிர்த்துத்தான் ஆக வேண்டும். இங்கே இருப்பது எந்த வகைக் கரடி என்றுகூடப் பலகையில் இல்லையே!

5. உணவுப் பெட்டி. எல்லோராலும் கிளை தேடிக் கயிறு கட்ட முடியாது, மேல் தளத்தில் அதற்கேற்ற மரமும் மூன்றோ நாலோதான். பாறையோடு போல்ட் போட்டு இறுக்கின இரும்புப் பெட்டி ஆறு போதும்.

6. தொட்டி. மறுபடியும் தொட்டிதான். கையை மறைப்புக்குள் விட்டு உள்ளே இருக்கும் கொக்கியை அழுத்தினால்தான் திறக்கிற மாதிரி தொட்டிகள் இருக்கின்றன, நம் விரல் போகும், கரடியின் பாதம் உள்ளே போகாது. கேட்பது அவ்வளவுதான். அது வர நாளாகும் என்றால் அதுவரை இந்தத் தொட்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், நாங்கள் எங்கள் குப்பையை நாங்களே கீழே சுமந்து வருகிறோம், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அதையும் செய்ய முடியாது என்றால் தளத்தையாவது மூடுங்கள். திறந்தும் வைத்து, அந்தத் தொட்டியையும் வைத்து, பதிலும் சொல்லாமல் இருந்தால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். நேற்று மகள் கேட்டாள், அந்தக் குட்டிகளுக்கு இப்போது யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று. நாம்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆட்கள் நிறைய ஏறுவார்கள். அதற்குள் ஒரு ஆளையாவது அனுப்பி அந்தத் தொட்டியைக் காலி செய்து இறக்கிவிடும்படி தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலையிலிருந்து நான் மேல் தளத்தில்தான் இருப்பேன், வருகிறவருக்கு ஒரு கை பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல் தள முகாமாளர்கள் சார்பில்

இணைப்பு: முந்தைய இரண்டு மனுக்களின் நகல், தொட்டி மூடியின் படம், கூடாரத் துணியின் படம்.