வாசிகசாலைத் திருப்பணியும் மருத்துவபீட வரலாற்றுச் சுவரும்: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கு,

நம் வாசிகசாலை மேல்மாடித் திருப்பணியும், அங்கே அமைத்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட வரலாற்றுச் சுவரும் நிறைவுற்றன. ஓடு மாற்றியாயிற்று. வயரிங் புதிது. படிக்கட்டுக்குக் கைபிடி, யன்னல்களுக்கு வலை, மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி எல்லாம் முடிந்தன. இவற்றைப்பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆகவே நானும் இதற்குமேல் எழுதவில்லை. கேள்வியெல்லாம் வடக்குச் சுவரைப் பற்றித்தான். அந்தச் சுவருக்கு ஏன் இரண்டு தடவை பூச்சு? அதிலுள்ள பலகைகளில் இருப்பதை யாரைக் கேட்டு எழுதினீர்கள்? இந்த இரண்டையும் கூட்டத்தில் கேட்டவர்கள் குறைவு, சந்தையில் கேட்டவர்கள் அதிகம். எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில்.

கணக்காய்வு செய்த வரவு செலவு பொருளாளரிடம் இருக்கிறது. பற்றுச்சீட்டுக் கோவை அலுமாரியின் இரண்டாம் தட்டில். வாசிகசாலை திறந்திருக்கும் நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். இதுவரை வந்து பார்த்தவர்கள் காசு தந்தவர்கள்தான், குறை சொன்னவர்கள் அல்லர்.

முதலில், இடித்துக் கட்டியிருக்கலாமே என்பவர்களுக்கு. பொதுச்சபையில் வாக்கெடுத்துத் தீர்ந்த விஷயம் இது, ஆனாலும் தீரவில்லை. பழைய சுண்ணாம்புக் கல் சுவரில் மருத்துவபீடத்தின் கதையை எழுதுவது பொருத்தமில்லை, கொங்கிறீற்றில் புதுமண்டபம் வேண்டும் என்றார்கள். அந்த மருத்துவபீடம் 1978இல் தொடங்கியபோது அதற்கென்று ஒரு கல்லும் இருக்கவில்லை. கைதடியில் ஆயுர்வேத வைத்தியசாலைக் கட்டடத்தில்தான் முதல் அணி மாணவர்கள் உடற்கூற்றியல் படித்தார்கள். பிறகுதான் திருநெல்வேலிப் பக்கம், ஆடியபாதம் வீதிக்கு வந்தது. பல்கலைக்கழகமே சேர் பொன். இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகமாக ஆரம்பித்தது. இரவல் கட்டடத்தில் வைத்தியர்களை உருவாக்க முடிந்ததென்றால், எங்கள் சொந்தக் கட்டடத்தில் சில பலகைகளை மாட்ட முடியாதா என்று கேட்டேன். வாக்கெடுப்பில் வென்றோம். புதுமண்டபம் என்று போயிருந்தால், 2022இல் சீமெந்து மூட்டை மூன்று மடங்கு விலைக்கு ஏறியபோது தூண்களோடு நின்றிருப்போம். மதிப்பீட்டுக்கு மேலே போன செலவில் பெரும்பங்கு அந்த விலையேற்றந்தான். மிச்சம் மணல்.

மணலுக்கு வருகிறேன். இதைச் சுருக்க முடியாது.

கொந்தராத்துக்காரரின் பெயரை இந்த அறிக்கையில் எழுதுவதில்லை என்று சபை தீர்மானித்தது. ஆற்று மணல் என்று விலை போட்டு, பில்லும் தந்து, வடக்குச் சுவரைச் சீமெந்துச் சாந்தில் பூசினார். புரட்டாதியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை மழை பிடித்தவுடன் சுவரின் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியது. மார்கழியில் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. துடைத்த இடம் மூன்றாம் நாள் திரும்பப் பூத்தது. பலகைகளுக்குத் துளை போட்ட இடங்களில் ஆணி துருவேறிச் சுவரில் மண்ணிறமாக ஒழுகியது.

உப்புள்ள கடல் மணலைப் போட்டுவிட்டார் என்று கடைசித் தவணைக் காசை நிறுத்தினோம். கொந்தராத்துக்காரர் சொன்ன பதில் கெட்டிக்காரப் பதில்: "மணலிலை ஒரு பிழையுமில்லை. உங்கடை கிணத்துத் தண்ணிதான் உப்பு. அதிலைதானே குழைச்சது." எங்கள் பக்கத்துக் கிணறுகளை அறிந்தவர்கள் இதைச் சுலபமாகத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். சபையிலேயே இரண்டு பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள்.

அப்போதுதான் ஆய்வுகூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற எங்கள் அங்கத்தவர் முன்வந்தார். மேசையில் மூன்று சோதனைக் குழாய்களை வைத்தார். ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீர். இரண்டாவதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மூன்றாவதில், பின்வளவில் மிச்சமாய்க் கிடந்த மணலைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வடித்த தண்ணீர். தண்ணீரில் உப்பு இருந்தால் வெள்ளி நைத்திரேற்று அதை வெள்ளையாகத் திரையவைக்கும். அதை விடுவதற்கு முன் மூன்றிலும் ஒவ்வொரு துளி நைத்திரிக்கமிலம் விட்டார். ஏன் என்று கேட்டேன். "எங்கடை மண்ணெல்லாம் சுண்ணாம்பு. காபனேற்றும் வெள்ளையாத்தான் விழும். பிறகு அதைச் சொல்லித் தப்பிடுவினம்" என்றார். மிச்ச மணலில் ஒரு துளி விட்டபோது அது மெல்ல நுரைத்தது. மணலுக்குள் சிப்பித் தூள் இருந்தது அதிலேயே தெரிந்துவிட்டது. பிறகு நைத்திரேற்று. முதற்குழாய் தெளிவாகவே நின்றது. கிணற்றுத் தண்ணீர் இலேசாகக் கலங்கியது. மூன்றாவது தயிர்போலத் திரைந்தது.

கொந்தராத்துக்காரர் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் கம்பஸ் வித்தை என்றார். "நாக்கிலை வைச்சுப் பாருங்கோ, உப்புக் கரிக்குதோ எண்டு" என்று மணலைக் கையில் அள்ளி நீட்டினார். தலைவர் வைத்துப் பார்த்தார். அதற்குப்பிறகு தலைவர் சொன்ன வார்த்தையைக் கூட்டக் குறிப்பில் ஏற்றவில்லை.

பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தோம். இரண்டாம் முறை சீமெந்து இல்லை. சுண்ணாம்புச் சாந்து, கழுவிய மணல். சுண்ணாம்பால் கட்டிய சுவரைச் சீமெந்தால் மூடினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக வழியில்லை என்று பழைய மேசன் ஒருவர் ஆரம்பத்திலேயே சொன்னார். அன்றைக்குப் பொதுச்சபை சீமெந்துதான் உறுதி என்றது. சுண்ணாம்பு காய எடுத்த மாதங்களைத்தான் சிலர் சபையின் சோம்பல் என்கிறார்கள். அதன்பின் இரண்டு மாரி கடந்துவிட்டது. போய்ச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.

இனிப் பலகைகள்.

முதற்பலகை கிறீன் வைத்தியருடையது. பல்கலைக்கழகச் சுவரில் மிஷனரிக்கு என்ன வேலை என்று எழுத்திலேயே ஆட்சேபம் வந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். அவர்களில் 33 பேருக்குத் தமிழிலேயே. உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவம் எல்லாவற்றையும் தமிழில் அச்சேற்றினார். இது நடந்த இடம் எங்கள் வாசிகசாலையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1850இல் அரசாங்க அதிபர் டைக் முயற்சியில் தொடங்கிய ஆசுபத்திரிதான் இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை. இந்த இரண்டும் இல்லாமல் 1978 வானத்திலிருந்து விழவில்லை. பலகை இருக்கும். மருத்துவபீடம் ஆங்கிலத்தில் படிப்பிப்பதைப்பற்றி அதே பலகையில் ஒரு குத்தல் வசனம் சேர்க்கச் சொன்னவர்களுக்கும் இல்லை என்றுதான் பதில். அது பட்டிமன்றத்துக்குரியது.

இரண்டாம் பலகையில் இரண்டே எண்கள்: 250, 229. 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழியில் தோற்றியவர்களுக்குத் தேவைப்பட்ட புள்ளியும், சிங்கள மொழியில் தோற்றியவர்களுக்குத் தேவைப்பட்ட புள்ளியும். தரப்படுத்தல் என்று எல்லாரும் பேசுகிறோம். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த எண்கள் தெரியாது. கொழும்பில் 1870இலிருந்தும் பேராதனையில் 1962இலிருந்தும் மருத்துவம் படிப்பித்தார்கள். வடக்கில் ஒரு பீடம் வந்தது 1978இல். இந்த மூன்று ஆண்டுகளையும் அந்த இரண்டு எண்களுக்குக் கீழே போட்டோம். விளக்கவுரை போடவில்லை. பார்க்கிற பிள்ளை கேட்கும்; வீட்டில் யாராவது சொல்லட்டும்.

மூன்றாவது, ஸ்தாபகப் பீடாதிபதி பேராசிரியர் ஏ. ஏ. ஹூவர். பீடத்தின் அரங்கு இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கட்டடமில்லாத, ஆளில்லாத பீடத்தை எடுத்து நடத்தியவர். இதில் மட்டும் சண்டை வரவில்லை. 1979 ஜனவரியில் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானதும் இதிலேயே அடக்கம்.

நான்காம், ஐந்தாம் பலகைகளைச் சேர்த்தே சொல்கிறேன். ஆட்சேபமும் சேர்ந்தே வந்தது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், இந்திய இராணுவம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியர், தாதியர், ஊழியர், நோயாளர் என அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மாணவர்கள் நோயாளரைப் பார்த்துப் படித்த விடுதிகள் அவை. இது இருக்கவேண்டும் என்றார்கள் எல்லாரும். 1989 செப்டெம்பர் 21, உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகம வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். இது வேண்டாம் என்றார்கள் சிலர். முதலாவதற்குக் கை உயர்த்தியவர்களே இரண்டாவதற்குக் கையைக் கீழே போட்டார்கள். கொன்றது யார் என்று பலகையில் எழுதாவிட்டாலும் வாசிக்கிறவர்கள் கேட்பார்களே என்பது அவர்கள் கவலை. கேட்கட்டும். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கு எங்களுக்கு மருந்து எழுதித் தருகிறார்கள். அந்தத் துறையின் கதையைச் சொல்லிவிட்டு அவர் பெயரை விட முடியாது. ஐந்தாவது பலகையைக் கழற்றினால் நான்காவதையும் கழற்றவேண்டும் என்று தலைவர் சொன்னார். இரண்டும் இருக்கின்றன.

கடைசிப் பலகை படிப்பைப் பற்றியது. இந்தச் சுவரிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் ஒரு திரியும் கொஞ்ச எண்ணெயும் வைத்த விளக்கில்தான் செக்கன்ட் எம்பி என்ற இரண்டாம் மருத்துவப் பரீட்சைக்குப் படித்தார்கள். ஐந்து வருடப் படிப்பு பல அணிகளுக்கு எத்தனையோ வருடங்கள் இழுபட்டது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது புத்தகத்தையும் எலும்புப் பெட்டியையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். திரும்பி வந்து அதே பரீட்சையை எழுதினார்கள். ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அதன் பெறுமதியை வரவு செலவில் காணவில்லை என்று ஒருவர் கேட்டார். அது இலவசம், ஐயா.

நன்கொடையாளர் பெயர்கள் படிக்கட்டுப் பக்கக் கல்லில் உள்ளன. கல்லில் உள்ள ஒழுங்கு காசின் ஒழுங்கல்ல, பற்றுச்சீட்டுத் திகதியின் ஒழுங்கு. இங்கே தீர்மானத்தின்படி பெயரில்லாமல்: ஓடு முழுவதும் நோர்வேயில் இருக்கும் சகோதரிகள் இருவர். வயரிங், மின்விசிறிகள் ஹரோவிலிருந்து எங்கள் முன்னாள் தபாலதிபரின் மக்கள். பலகைகளின் அச்சுச் செலவு ஸ்காபரோவிலுள்ள மூன்று குடும்பங்கள். அவர்களில் ஒருவர் முதல் அணி மாணவர். கண்ணாடிப் பெட்டி கொக்குவிலில் கடை வைத்திருப்பவர். சுண்ணாம்பு, பாலர் பாடசாலை ஆசிரியை தன் ஓய்வூதிய நிலுவையிலிருந்து. கைபிடி, மறைந்த தாயின் நினைவாகச் சிட்னியிலுள்ள மகன். மேசனுக்கும் கூலியாட்களுக்கும் மத்தியானச் சாப்பாடு மூன்று வீடுகள் முறைவைத்து. சவர்க்காரக் கடைக்காரர், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துத் தம்பிமார், வாரம் நூறு ரூபா தந்த தேங்காய் வியாபாரி. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சேர்த்துத் தந்த உண்டியலில் கிடந்த சில்லறையை எண்ணப் பொருளாளருக்கு ஒரு பின்னேரம் முழுவதும் போயிற்று. தருவதாகக் கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டுத் தராதவர்களின் பட்டியலும் இருக்கிறது. அது கோவையில் இல்லை, என்னிடம் இருக்கிறது.

கொந்தராத்துக்காரர் கடைசித் தவணை கேட்டு இணக்கசபைக்குப் போனார். பூச்சுக்குரிய தொகையைக் கழித்து, ஓட்டு வேலைக்குரியதை நாங்கள் கொடுப்பதாக இணக்கம். ஓட்டு வேலையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. காசோலை மாறியாயிற்று. கையொப்பமிட்ட பிரதி கோவையில்.

மிச்சப் பணம் உயர்தர உயிரியல், இரசாயனவியல் கடந்தகால வினாத்தாள் தொகுப்புகள் வாங்குவதற்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மேல்மாடிச் சாவி நூலகப் பொறுப்பாளரிடம். மாலை ஐந்திலிருந்து எட்டுவரை திறந்திருக்கும். கீழ்மாடித் தளம் வெடித்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு வேறு சபை தெரிவுசெய்ய வேண்டும். செயலாளர் பதவிக்கு என் பெயரை ஒருவரும் முன்மொழியவேண்டாம். முன்மொழிந்தால் அந்தப் பட்டியலைக் கூட்டத்தில் வாசிப்பேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
திருப்பணிச் சபை