ஏழாம் எண் கையுறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டிலும் வேலையிடத்திலும் ஆண் பெண் சமத்துவம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரைகளை விடாமல் படித்தேன். பரிசுத்தொகை, சம்பளம், பதவி உயர்வு எல்லாம் அவற்றில் வந்தன. பேச வேண்டியவைதான். நான் 19 வருடமாக ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். அதற்கு முன் கல்லூரி அணியில் கால்பந்து ஆடியவள். இரண்டு இடத்திலும் என்னை முதலில் மடக்கிப் போட்டது அளவு. கையுறையின் அளவு, காலணியின் அளவு. அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம், அதனால் நான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஸ்டோரில் எனக்குக் கொடுத்தது 10-ஆம் எண் கையுறை. இருந்ததே அந்த ஒரே அளவுதான். விரல் நுனியெல்லாம் அரை அங்குலம் காலியாக மடங்கிக் கிடக்கும். பம்ப் ஃபிளாஞ்சில், அதாவது குழாயை இணைக்கும் விளிம்பில், போல்ட் மாட்டி நட்டைத் திருகும்போது அந்தக் காலி நுனி மரையில் சிக்கிக்கொள்ளும். வாஷரைக் கிள்ளி எடுத்தால் கைக்கு வருவது கையுறைத் துணிதான். வாஷர் தரையில் உருண்டு ஓடும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கிற வேலை எனக்கு இருபது நிமிடம் ஆனது. கையுறையைக் கழற்றிவிட்டுச் செய்தால் பாதுகாப்பு விதியை மீறினேன் என்று எழுதினார்கள். போட்டுக்கொண்டு செய்தால், "பொம்பளைங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது" என்றார் ஃபோர்மேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். என் கையில் மாட்டியிருப்பது என்ன என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. அப்புறம் ஸ்டோருக்குப் புதிதாக வந்தவர் ஒருநாள், "உங்க கை அளவு என்னம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. 7-ஆம் எண் வரவழைத்துக் கொடுத்தார். அதே பம்ப், அதே ஃபிளாஞ்ச், பத்தே நிமிடம். ஆனால் அந்த ஒன்றரை வருடமும் என் பணிக்குறிப்பில் 'வேகம் போதாது' என்று ஏறிவிட்டது. அதனால் என் முதல் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. என்னோடு சேர்ந்த ஆண்களைவிட என் சம்பளம் குறைந்தது அங்கேதான் தொடங்கியது. சம்பள வித்தியாசத்தைக் கணக்கெடுக்கிறவர்கள் தயவுசெய்து ஸ்டோர் ரூமுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

மைதானத்தில் நடந்ததும் இதே கதை. எங்கள் அணிக்கு ஆண்கள் அணியின் பழைய பூட்ஸ்தான் வரும். முன்பக்கம் துணி திணித்து, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடுவோம். ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பினால் கால் திரும்பும், பூட்ஸ் திரும்பாது. குதிகால் உள்ளேயே வழுக்கும். எங்களுக்குத் திரும்பத் தெரியவில்லை என்பார் பயிற்சியாளர்.

சரி, அது பழைய காலம், வசதியில்லாத கல்லூரி என்று தள்ளிவிடலாம் என்றால், 2023-இல் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளின் சங்கம் முன்னணி வீராங்கனைகளிடம் கேட்டபோது 82 சதவீதம் பேர் பூட்ஸால் வலியோ சங்கடமோ இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வருடத்து உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லியா வில்லியம்சனும் நெதர்லாந்தின் விவியன் மிடெமாவும் முழங்கால் தசைநார் அறுந்து ஆட முடியாமல் போனார்கள். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு வருகிறது. காரணம் ஒன்றல்ல, உடலமைப்பு, பயிற்சி, மைதானம் என்று பலதும் சொல்கிறார்கள். பூட்ஸ்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆணின் பாதத்தை அச்சாக வைத்துச் செய்த பூட்ஸை மாட்டிவிட்டு அவளுடைய முழங்காலை மட்டும் குறை சொல்வது எனக்கு அந்த ஃபோர்மேனைத்தான் நினைவுபடுத்துகிறது.

தொழிற்சாலையும் கால்பந்தும் என்றால் எனக்கு டிக் கெர் அணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் உலகப்போர் சமயத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் வெடிமருந்துத் தளவாட வேலை செய்த பெண்கள் சேர்ந்து அமைத்த அணி அது. 1920 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரிலேயே, கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமில்லாத ஆட்டம் என்று சொல்லி, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் அவர்களை விடக்கூடாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை போட்டது. கிட்டத்தட்ட 50 வருடம் அந்தத் தடை இருந்தது. பெண்ணின் பாதத்துக்கு பூட்ஸ் செய்ய யாருக்கும் தோன்றாமல் போனதில் அந்த 50 வருடத்துக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆடவே விடாதவளுக்கு யார் பூட்ஸ் தைப்பார்கள்?

2019 மார்ச்சில் நாசா, முதன்முறையாக இரண்டு பெண்களை மட்டும் விண்வெளி நடைக்கு அனுப்ப இருந்தது. ஆன் மெக்ளைன், கிறிஸ்டினா கோக். விண்வெளி நிலையத்தில் விண்வெளி உடையின் மேற்பகுதி நடுத்தர அளவில் ஒன்றுதான் தயாராக இருந்தது. இருவருக்கும் அந்த அளவுதான் சரி. கடைசியில் மெக்ளைனுக்குப் பதில் ஓர் ஆண் போனார். கோக்கும் ஜெசிகா மேயரும் சேர்ந்து வெளியே போனது அக்டோபர் 18-ஆம் தேதி. பூமிக்கு மேலே அவ்வளவு உயரத்திலும் இதே பஞ்சாயத்தா என்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உடுப்பு விஷயத்தில் இன்னொன்று. 2021-இல் நார்வே பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணிக்கு, பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டு ஆடியதற்காக அபராதம் விதித்தார்கள். விம்பிள்டனில் பெண்கள் வெள்ளைப் பாவாடைக்கு உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணியலாம் என்ற அனுமதி 2023-இல்தான் வந்தது. மாதவிடாய் நாளில் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்தி ஆயிரக்கணக்கானோர் முன் ஓடுவது எப்படி இருக்கும் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவேயில்லை. எங்கள் தொழிற்சாலையில் மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு. கழிப்பறைக்குப் போனால் தோளிலிருந்து முழுவதும் கழற்ற வேண்டும். அதற்குப் பயந்து ஷிஃப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும். நானும் இருந்திருக்கிறேன்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பெண்கள் அணி தோற்றால் ஸ்கோருடன் நிறுத்திவிடாமல், எந்த மைதானத்தில், யாருக்காகச் செய்த காலணியில் ஆடினார்கள் என்றும் உங்கள் நிருபர் கேட்க வேண்டும். ஒரு நிறுவனம் இத்தனை பெண்களை எடுத்தோம் என்று அறிவித்தால், அவர்கள் வருவதற்கு முன் எத்தனை அளவில் கையுறை வாங்கி வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

போன மாதம் எங்கள் பிரிவில் ஒரு பெண் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தாள். நானே அவளை ஸ்டோருக்கு அழைத்துப் போனேன். 7-ஆம் எண் கையுறை இருந்தது. 4-ஆம் எண் பாதுகாப்பு ஷூவும் இருந்தது. லேஸைக் கட்டிக்கொண்டு எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தாள். உயரத்தில் வேலை செய்யும்போது மாட்டுகிற ஹார்னஸ் மட்டும் அவள் அளவில் இல்லை. இருந்ததன் பட்டை கழுத்தருகே ஏறி நின்றது. ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அது வரும்வரை அவளை மேலே ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அவளுடைய வேலைக் குறையாக எங்கும் பதியக் கூடாது என்றும் அதே தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)