ஒன்பது புள்ளிக்கு ஒரு விழா: மன்னார்குடியிலிருந்து நன்றி மடல்

மன்னார்குடி நகரத்தாருக்கும், சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும், “கடைசி இடத்தில் வந்தவனுக்கு விழாவா?” என்று கேட்டுக்கொண்டே சட்டைப்பையில் கைவிட்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு மாலை சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்காக நாங்கள் நடத்திய வேடிக்கை விருது விழா நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால், மைக்செட் இரண்டு முறைதான் கீச்சிட்டது, சுண்டல் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது, விருது பெற்றவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்குத் தகவலே சொல்லவில்லை என்பதால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கால்பந்து பார்க்காதவர்களும் இந்த மடலைப் படிப்பீர்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை இரண்டாவது முறையாகத் தூக்கிய அணி இது. அடுத்த பருவத்தில், அதாவது 2018-19-இல், அதே அணி, அதே பயிற்சியாளர். 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது இடம். அந்த ஒன்பதைக் கேட்டதும் எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒருவர், “முக்கொம்பிலும் ஒன்பதுதானே?” என்றார். 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பு மேலணையில் அடித்துச் செல்லப்பட்ட மதகுகள் ஒன்பது. விழாவுக்கான யோசனை பிறந்தது அந்த இடத்தில்தான். எனவே முதல் நன்றி அந்தப் பெரியவருக்கும், அன்று எங்கள் எட்டு டீக்கும் கணக்கு எழுதாத கடைக்காரருக்கும்.

விருதுகளுக்குப் பெயர் தேடி நாங்கள் அலையவில்லை. மன்னார்குடி மதிலழகு, வேதாரண்யம் விளக்கழகு, திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு என்று முன்னோர்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மதிலழகு விருது கோல்கீப்பர் கரண்ஜித் சிங்குக்கு. மதில் அழகாகத்தான் இருந்தது, வாசல்தான் திறந்து கிடந்தது என்று அறிவிப்பாளர் சொன்னபோது முதல் கைதட்டல் விழுந்தது. வாசலைத் திறந்து போட்டவர்கள் வேறு ஆட்கள் என்பதால் தெருவழகு விருதைத் தடுப்பாட்டக்காரர்கள் அனைவருக்கும் பொதுவாகக் கொடுத்தோம். எதிரணி ஊர்வலமாக வந்து போகும் அளவுக்கு அகலமாகத் தெரு விட்டிருந்தார்கள். தேரழகு விருது பிரேசில்காரர் மைல்சன் ஆல்வ்ஸுக்கு. பெங்களூரு இறுதி ஆட்டத்தில் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டவர். ஆழித்தேரைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்க்க வேண்டியவர். “96 அடித் தேர் வீதி முனையில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் நினைவில் கொள்ளவும்” என்று அறிவிப்பாளர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது விழாக் குழுவின் கருத்தல்ல. அவருக்கான பரிசு, தேர்ச் சக்கரத்தில் போடும் முட்டுக்கட்டை ஒன்று. மரப்பட்டறையில் இருந்து இலவசமாகச் செய்து கொடுத்து, சிவப்பு வண்ணமும் பூசித் தந்த ஆசாரி ஐயாவுக்கு நன்றி.

விளக்கழகு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அந்தப் பருவத்தின் நடுவில்தான் கஜா புயல் வந்தது. நவம்பர் 16 அதிகாலை. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்கும் புள்ளிப் பட்டியல் நினைவில் இல்லை. தென்னை சாய்ந்து கிடந்தது, மின்கம்பம் சாய்ந்து கிடந்தது, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசலில் வரிசை நின்றது. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின்வாரியப் பணியாளர்கள் வந்து கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் ஒருவர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர். நவம்பர் கடைசியில் சென்னையில் சென்னைக்கும் கேரளாவுக்கும் ஆட்டம். பகலெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கியவர் கைலியோடு படிக்கட்டில் உட்கார்ந்து, பதினெட்டு சதவீதச் சார்ஜில் இருந்த ஒரு செல்போனை எங்கள் பையன்கள் நாலு பேரோடு பங்கு போட்டுப் பார்த்தார். ஒரு பக்கமும் கோல் விழவில்லை. “ரெண்டு டீமிலும் கரண்ட் இல்லை” என்று மலையாளம் கலந்த தமிழில் அவர் சொன்னதற்கு, இருட்டில் உட்கார்ந்து எல்லோரும் சிரித்தோம். புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் கேட்ட முதல் சிரிப்பு அது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். பருவ முடிவில் கேரளா ஒன்பதாவது, நாங்கள் பத்தாவது.

ஆகவே விளக்கழகு விருது எந்த வீரருக்கும் இல்லை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று, சிறியதுதான், அந்தக் குழுவுக்கு. அவர்கள் சார்பில் உள்ளூர் லைன்மேன் அண்ணன் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். முகவரி கிடைத்ததும் பார்சலில் போகும். விளக்கை விலை போடாமல் தந்த பாத்திரக்கடை அண்ணாச்சிக்கு நன்றி.

அடுத்து, அதிகம் பேசப்பட்ட கடைமடை விருது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு, பாமணியாறு, வாய்க்கால் எல்லாம் தாண்டி, முத்துப்பேட்டைப் பக்கம் வந்து சேரும்போது என்ன மிஞ்சும் என்பதை இந்த ஊரில் விளக்க வேண்டியதில்லை. சென்னை அணியில் அந்தக் கடைமடை வயல், முன்வரிசை ஆட்டக்காரர் ஜேஜே. மிசோரத்துக்காரர், நல்ல ஆட்டக்காரர், முந்தைய பருவத்தில் கோல்களாகக் குவித்தவர். இந்தப் பருவத்தில் பந்து வரும் வரும் என்று காத்து நின்றதுதான் மிச்சம். லீக்கில் ஒரே ஒரு கோல், அதுவும் பிப்ரவரியில், பெங்களூருவுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் நாம் 2-1 என்று வென்றோம். அந்தப் பெங்களூருதான் பிறகு சாம்பியன் ஆனது. ஆனால் பிப்ரவரியில் தண்ணீர் வந்து என்ன செய்ய? சம்பா அறுப்பே முடிந்துவிட்டது.

இந்த விருதை ஜேஜே சார்பில் வாங்கிக்கொள்ள திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை அழைத்திருந்தோம். 2018-இல் மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்காமல் ஜூலை 19-இல் திறந்து குறுவை போனவர், நவம்பரில் தென்னையும் போனவர். மேடையில் பித்தளைச் செம்பைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, “இதிலும் தண்ணீர் இல்லையே” என்றார். நாங்கள் எழுதி வைத்திருந்த நகைச்சுவை எல்லாம் அதற்கப்புறம் எடுபடவில்லை. ஐயா, பஸ் செலவுக்குக்கூட வாங்க மறுத்தீர்கள். நன்றி.

பயிற்சியாளர் ஜான் கிரிகரிக்குத் தஞ்சாவூர்ப் பொம்மை. எத்தனை முறை தள்ளினாலும் நிமிர்வதால். லீக்கில் கடைசியில் முடித்த அதே அணி ஏப்ரலில் சூப்பர் கோப்பை என்ற வேறொரு போட்டியில் இறுதிவரை போய் கோவாவிடம் 2-1 என்றுதான் தோற்றது. முதலில் வாங்கி வந்த பொம்மை, சாய்ந்தது சாய்ந்தபடியே கிடந்தது. அதுவே பொருத்தம் என்று ஒரு சாரார் வாதிட்டதால் வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மை முடிவுப்படி பொம்மையை மாற்றினோம். பயிற்சியாளர் சார்பில் பெற்றுக்கொண்ட உடற்கல்வி ஆசிரியர், உலகில் எந்தத் தோல்விக்கும் பயிற்சியாளர் பொறுப்பாக முடியாது என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவருக்கும் நன்றி, அடுத்த முறை பத்து நிமிடம்.

காயத்தால் வெளியே இருந்த தனபால் கணேஷுக்கு விருது இல்லை, ஒரு சீப்பு பூவன் பழம் மட்டும். வியாசர்பாடிப் பிள்ளை, சீக்கிரம் களத்துக்கு வரட்டும் என்று வாழ்த்தினோம்.

அதே பருவத்தில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் என்ற மற்றொரு கால்பந்து லீக்கில் சாம்பியன் ஆனதே, அவர்களுக்கு ஏன் விருது இல்லை என்று ஒரு சிறுவன் கேட்டான். தம்பி, அவர்களிடம்தான் கோப்பையே இருக்கிறதே.

நோட்டீசில் கால்பந்துக்குப் பதில் கைப்பந்துப் படம் அச்சானதற்கு நாங்களே பொறுப்பு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதை நம்பி வாலிபால் ஆட உடை மாற்றிக்கொண்டு வந்த மூன்று இளைஞர்கள், கோபித்துக்கொள்ளாமல் சுண்டல் பரிமாறினார்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் அரசியல் பிரமுகர்கள் எவரையும் அழைக்கவில்லை. அந்த விதிகளுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அக்னி நட்சத்திரத்தில் மோர் கலந்து கொடுத்த தெருப் பெண்களுக்கும், சென்னையில் ஆட்டம் முடிந்ததும் எங்களை எழும்பூருக்கு நடத்திக் கூட்டிப்போய் மன்னை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்ட, தோற்ற இரவுகளில் வழியில் பரோட்டாவும் வாங்கித் தந்த நண்பருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பருவத்தில் அவருக்குப் பரோட்டாச் செலவு அதிகம்.

கணக்கு: வரவில் செலவு போக 140 ரூபாய் மீதி. டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறோம்.

பந்தல்காரர் கொண்டுவந்த நாற்காலிகளில் இரண்டு குறைகின்றன. நீல நிறம், ஒன்றின் கைப்பிடியில் விரிசல். எடுத்துப் போனவர்கள் இரவில் அவர் கொட்டகை வாசலில் வைத்துவிட்டால் போதும், யாரும் பெயர் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர் சார்பில்,
நோட்டீசில் கையெழுத்துப் போட்டவன்