செட்டிநாட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு: உப்பு மடுவின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

அண்மையில் நம் பகுதிப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஆக்சிஜனே இல்லாமல் வாழும் விலங்கு’ என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். லோரிசிஃபெரா என்ற கடலடி நுண்விலங்கைப் பற்றியது. பார்த்ததும் மனசு நிறைந்தது. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண், “அது உயிரோடதான் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டாள். அட்டை வைத்த பையன் ஆசிரியரைப் பார்த்தான். “அதெல்லாம் நிரூபிச்சுட்டாங்க, அடுத்த ஸ்டாலுக்குப் போம்மா” என்று பதில் வந்தது.

ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மோதிக்கொண்டிருப்பது அந்தப் பெண் கேட்ட கேள்வியில்தான். அதனால்தான் இந்த மடல்.

அந்த விலங்கு கிடைத்த இடத்திலிருந்து ஆரம்பிப்போம். மத்தியதரைக் கடல் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக்கோடு தொடர்பு குறைந்து பெருமளவு வற்றியது. உப்பு பாளம் பாளமாகப் படிந்தது. பிறகு கடல் மறுபடி நிரம்பியது, உப்பைச் சேறு மூடியது. அந்த மூடி விலகிய இடங்களில் பழைய உப்பு கரைந்து கடலடிப் பள்ளங்களில் தேங்கி நிற்கிறது. கனமான நீர் என்பதால் மேலே இருக்கும் கடல்நீரோடு அது லேசில் கலப்பதில்லை. ஆக்சிஜனும் உள்ளே இறங்குவதில்லை. கிரீட் தீவுக்கு மேற்கே, 3,000 மீட்டருக்கும் கீழே இருக்கும் லாட்டலான்ட் படுகை இப்படிப்பட்ட உப்பு மடு. சாதாரணக் கடல்நீரைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு உப்பு, போதாததற்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சு வேறு.

இத்தாலியின் ராபர்டோ டனோவாரோ குழு பத்தாண்டு இடைவெளிக்குள் மூன்று முறை கப்பலில் போய், அந்த மடுவின் அடிச்சேற்றை எடுத்து வந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத லோரிசிஃபெரா இனங்கள் மூன்று கிடைத்தன. ஜாடி போன்ற கூட்டுக்குள் முள் முளைத்த தலையை இழுத்துக்கொள்ளும் விலங்குகள் இவை. சிலவற்றின் உடலில் முட்டை இருந்தது. தோலுரித்த கூடுகளும் கிடைத்தன. உயிருள்ள உடலை அடையாளம் காட்டும் என்று சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலத்தைக் கொடுத்து, உடல் அதை எடுத்துக்கொள்கிறதா என்றும் பார்த்தார்கள். 2010இல் முடிவை வெளியிட்டார்கள்: ஆக்சிஜன் அறவே இல்லாமல் வாழ்நாள் முழுக்கக் கழிக்கும் பலசெல் விலங்குகள் இவை, இவற்றின் செல்களில் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இல்லை, ஆக்சிஜன் இல்லாமலே ஆற்றல் தயாரித்து ஹைட்ரஜனை வெளிவிடும் ஹைட்ரஜனோசோம் போன்ற உறுப்புகள்தான் இருக்கின்றன. (மாட்டின் இரைப்பையில் வாழும் சில ஒருசெல் உயிரிகளிடமும் ஹைட்ரஜனோசோம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு இதிலிருந்து ஆரம்பித்தால் சட்டென்று பிடிபடும்.)

உங்கள் அட்டைகள் இங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் கதையின் ருசியான பகுதியே இனிமேல்தான்.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் பெர்ன்ஹார்டும் குழுவினரும் இதே மாதிரி உப்பு மடுக்களின் கரையோரச் சேற்றை ஆராய்ந்து, 2015இல் மறுப்பு எழுதினார்கள். உப்பும் காற்றில்லாத இடமும் சேர்ந்தால் செத்த உடல் எளிதில் அழுகாது. நம் ஆச்சிமார் உப்பு மாங்காயை ஜாடியில் போட்டு வருஷக்கணக்கில் வைத்திருப்பதும் இதே விதியை நம்பித்தான். மேலே ஆக்சிஜன் உள்ள பகுதியில் வாழ்ந்து செத்த விலங்கு மடுவுக்குள் விழுந்து, முட்டையும் கூடுமாக அப்படியே கிடந்திருக்கலாம். சாயம் செத்த உடலிலும் பிடிக்கும். அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டது பிணத்துக்குள் குடிபுகுந்த பாக்டீரியாவாகவும் இருக்கலாம். டனோவாரோ குழு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே பதில் எழுதித் தங்கள் முடிவில் உறுதியாக நின்றது. அந்த ஆழத்திலேயே வைத்து, உயிரோடு அசைவதைக் காட்டும் சோதனை செய்தால் ஒழிய வழக்கு தீராது. மடுவுக்குள் இருக்கும் நீரின் அடர்த்தியில் கருவியை இறக்குவதே பெரும்பாடு.

என் கணிப்பைக் கேட்டால், 2010 ஆய்வின் சான்றுகள் லேசில் தள்ளக்கூடியவை அல்ல, ஆனால் பெர்ன்ஹார்டின் சந்தேகம் முழுசாகத் தீரவும் இல்லை. சரி, என் கணிப்பு இருக்கட்டும். பதிமூன்று வயதுப் பிள்ளையால் இரண்டு பக்கத்தையும் எடைபோட முடியும். ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்று சொல்லி அந்த வாய்ப்பை நாம் பறிக்கக் கூடாது. அறிவியல் முடிந்துபோன சமாசாரம் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனசில் விழுந்துவிட்டால், அப்புறம் அதை எடுப்பது கஷ்டம்.

ஆகவே, கண்காட்சி அட்டையில் 2010ஐயும் 2015ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களிடம், எந்தச் சோதனை செய்தால் நம்புவீர்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும்.

அதோடு நில்லாமல் பிள்ளைகளைத் தொண்டிக்குக் கூட்டிப்போங்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பஸ் இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும் அங்கேதான். கரைச்சேற்றை ஒரு கை தோண்டினால் கறுப்பு மண் வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். லாட்டலான்டில் இருக்கும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அது. மேல்மண்ணில் ஒரு பிடி எடுத்து வாளியில் போட்டு நல்ல தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உப்பு திடீரென்று குறைந்த அதிர்ச்சியில் நுண்விலங்குகள் மணலை விட்டுவிடும். டென்மார்க்கின் ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் 1982இல் பிரான்ஸின் ரோஸ்காஃப் அருகே கடலடியில் எடுத்த மண்ணை இப்படி நல்ல தண்ணீரில் அலசியபோதுதான் லோரிசிஃபெரா சிக்கியது. மறு ஆண்டு அதை விலங்குலகின் புதிய தொகுதியாகவே (ஃபைலம்) அறிவித்தார். மேலே தெளிந்த நீரை ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கிடைக்கும் மிக நெருக்கமான வலைத்துணியில் வடிகட்டி, துணியில் தங்கியதை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். நெளியும் உருளைப்புழுவும் கோபிபாட் என்ற துள்ளும் நுண் ஓட்டுயிரியும் கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே வைத்துக் கேளுங்கள்: அசையாமல் கிடக்கும் ஒன்று உயிரோடிருக்கிறதா என்று எப்படிச் சொல்வாய்?

ஹைட்ரஜனோசோம் பாடத்துக்கு காரைக்குடியில் உள்ள நம் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருப்பவர்களை அழையுங்கள். ஆக்சிஜன் இல்லாத செல் தன் எலக்ட்ரான்களை எங்கே கொண்டுபோய்க் கொட்டும், அதிலிருந்து ஹைட்ரஜன் எப்படி வரும் என்று மின்வேதியியல்காரர்கள் விளக்கினால் அது வேறு ரகமாக இருக்கும்.

வலைத்துணி, பெட்ரி தட்டு, சுமாரான ஒரு மைக்ராஸ்கோப் என்னிடம் இருக்கின்றன. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் தொண்டிக்குக் கூட வருகிறேன். நீர் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்பதால், தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாடி சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்
தேவகோட்டை