உன் ஊருக்கு அடியில் ஓடிய புரோட்டான்கள்

தங்கச்சிமடம்

அன்பு மாப்ளே,

இங்க எல்லாரும் நலம். தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கிடக்கு. நம்ம கூட்டாளி 'கப்பல்' அப்படியேதான் இருக்கான். உன் கல்யாணத்துப் பந்தியில நடந்ததை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்.

விஷயத்துக்கு வர்றேன். கப்பலோட மகள் லீவுக்கு வந்திருக்கா. "ஆராய்ச்சின்னு என்னதாம்மா பண்றே?"ன்னு கேட்டேன். காலண்டர்ல கிழிச்ச தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துட்டா. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் போச்சுடா.

குவார்க்குங்கிற துகள் மூணு சேர்ந்தா, அணுக்கருவுல இருக்கிற புரோட்டான்னு படிச்சோமில்ல? உள்ளே அதோட நிக்கல. குவார்க்கை ஒட்டி வச்சிருக்கிற குளுவானும், தோன்றி மறையற குவார்க், அதோட எதிர்த்துகளான எதிர்க்குவார்க் ஜோடிகளுமா ஒரே நெரிசல். புரோட்டானோட உந்தத்துல கிட்டத்தட்டப் பாதியைக் குளுவான்தான் சுமக்குது. உள்ளே இருக்கிற இந்தத் துகளுக்கெல்லாம் பொதுவா பார்ட்டான்னு பேரு. எது எவ்வளவு பங்கைச் சுமக்க வாய்ப்புங்கிற கணக்குக்குத்தான் பார்ட்டான் பரவல்னு பேரு. சுமக்கற பங்கை 0-லேருந்து 1 வரைக்கும் கோடா இழுத்து, இடப்பக்கமும் நடுவுலயும் மெல்லிசா வரைஞ்சவ, வலது கோடிக்கு வந்ததும் பென்சிலைப் படுக்க வச்சு அகலமாத் தேய்ச்சா. "இங்கதான் மாமா எங்களுக்குச் சரியாத் தெரியல. அதுவும் எதிர்க்குவார்க்னா ரொம்ப மோசம்."

வில்லங்கமே அங்கதான். ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்துல ரெண்டு புரோட்டானை 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்ல மோதவிட்டாலும், நிஜமா மோதறது பக்கத்துக்கு ஒரு பார்ட்டான். 4 டெரா அளவுக்குக் கனமான புதுத் துகள் பிறக்கணும்னா ஒவ்வொண்ணும் சுமார் 0.3 பங்கைச் சுமக்கணும். புதுசைத் தேடத் தேட, அந்தத் தேய்ச்ச பக்கமாத்தான் போகணும்.

இந்தத் தெரியாத பக்கத்தால ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்திருக்காங்க. 1996-ல சிகாகோ பக்கம் துகள்களை வேகமாக்கி மோதவிடற டெவட்ரான் முடுக்கியில, சிடிஎஃப்ங்கிற ஆய்வுக் குழுவுக்கு உயர் ஆற்றல் ஜெட் (மோதல்ல சிதறிப் பாயற துகள் கத்தை) எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக் கிடைச்சது. குவார்க்குக்குள்ளேயும் ஏதோ இருக்குன்னு பரபரப்பு. கடைசியில, பெரிய பங்கைச் சுமக்கற குளுவான் நினைச்சதைவிட அதிகமா இருந்தாலே போதும்னு ஆச்சு.

இப்போ அவ பயப்படறது இதுக்குத் தலைகீழ். செர்ன்ல கிடைக்கிற உயர் ஆற்றல் தரவையும் போட்டுத்தான் பரவலையே கணக்கிடறாங்க. அதுல நிஜமாவே புதுத் துகள் லேசா எட்டிப் பார்த்திருந்தா? எதிர்க்குவார்க் கோடு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்து அதை விழுங்கிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஏலக்கூடத்துல எடையில சந்தேகம் வந்த மீனையே வச்சுத் தராசைச் சரி பண்ற மாதிரி.

அதனாலதான் ஆற்றல் குறைஞ்ச சோதனைகள் வேணுங்கிறா. கனமான புதுத் துகளோட கை அங்க எட்டாது. புரோட்டானைத் தனியா அளக்கலாம். அந்த டெவட்ரான் இருந்த ஃபெர்மிலாப் ஆய்வகத்துல சீக்வெஸ்ட் சோதனை எதிர்க்குவார்க்கை அப்படித்தான் அளந்து 2021-ல முடிவு சொல்லிச்சு. புதுத்துகள் கண்டுபிடிச்சாங்கன்னா பேப்பர்ல வரும், இதெல்லாம் வராது. ஆனா இது இல்லாம அதை யார் நம்பறது?

இன்னொண்ணு கேளு. இந்தப் பரவல்களுக்கெல்லாம் முதுகெலும்பு ஹெரா முடுக்கியோட தரவு. 1992-லேருந்து 2007 வரைக்கும் ஓடினது, உங்க ஹாம்பர்க்குல, தரைக்கு அடியில, 6.3 கிலோமீட்டர் வளையம்! இத்தனை வருஷம் அங்க குப்பை கொட்டுற, ஒரு வார்த்தை சொன்னியாடா?

அந்தப் பிள்ளை அடுத்து அங்கதான் வர்றா, டெசி ஆய்வகத்துக்கு. ரூம் கிடைக்கிற வரைக்கும் உன் வீட்டுல தங்கட்டும். தங்கச்சிகிட்டச் சொல்லிடு. கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காதே, அவ அப்பனே எடுக்கறதில்ல.

உடனே பதில் போடு.

உன் மாப்ளே