ஆந்தை என்ன, மருந்தையா தின்னுது? மண்டோர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் அண்ணனுக்கு வணக்கம்.

போன வாரம் பீடோர் ஒட்டுக்கடையில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எலிக்கு வைக்கிற மருந்துல ஆந்தை எப்படிம்மா சாகும்? ஆந்தை என்ன, மருந்தையா தின்னுது?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குள் உங்கள் ரொட்டிப் பொட்டலம் வந்துவிட்டது, நீங்களும் மோட்டாரைக் கிளப்பிவிட்டீர்கள். கேள்வி நல்ல கேள்விதான். தாப்பா, சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களிலும், அடிபட்ட பிராணிகளை மீட்கிற எங்களைப் பார்த்து இதையேதான் கேட்கிறார்கள். அதனால் பதிலைப் பொதுவில் எழுதிவிடுகிறேன். உங்கள் பெயரும் தோட்டத்தின் பெயரும் இதில் வராது, பயப்படாதீர்கள்.

உங்கள் அம்மா இதய வால்வு அறுவைக்குப் பிறகு வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்களே அந்தக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். இல்லையென்றால், மருந்தகத்தில் வேலை பார்க்கிற நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். அந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்தாகத்தான் வந்தது. 1948-ல் அமெரிக்காவில் எலிகளுக்கென்று விற்பனைக்கு வந்து, 1950களில்தான் மனிதர்களுக்கு மருந்தானது. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். கல்லீரல் அதை ஒரு தடவை பயன்படுத்தியதும் தூக்கிப் போடாது, புதுப்பித்து மறுபடியும் பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கிற வேலையைத்தான் வார்ஃபரின் நிறுத்துகிறது. மருத்துவமனையில் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைப்பதும், கீரையை ஒரு நாள் நிறையவும் ஒரு நாள் இல்லாமலும் சாப்பிட வேண்டாம் என்பதும் இதனால்தான்.

எலிக்கு அளவு பார்த்துக் கொடுக்க ஆள் இல்லை. மருந்து கலந்த மெழுகுக் கட்டியைத் தின்ற எலி அன்றைக்கே செத்துவிழாது. மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் அதற்கு மேலும் நடமாடும். உள்ளுக்குள் இரத்தம் கசியக் கசியத் தள்ளாடும், பகலிலேயே வெளியே வரும், துரத்தினாலும் ஓடாது. அதற்குள் பக்கத்து மரத்தடிக் கட்டியையும் தின்று தீர்த்திருக்கும். ஆந்தைக்கு இதைவிட லேசான இரை எங்கே கிடைக்கும்? எலியை அப்படியே முழுசாக விழுங்கிவிடும். ரோமத்தையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஆந்தை கூடு வைக்கத் தோட்டத்தில் நட்ட பெட்டிக் கம்பத்தடியில் நீங்கள் காலால் தள்ளிவிடுகிற கறுப்பு உருண்டைகள் அவைதான். எலியின் கல்லீரலில் இருந்த மருந்து மட்டும் வெளியே வராது. ஆந்தையின் கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆந்தை மருந்தைத் தின்னவில்லை, அண்ணே. மருந்து தின்ற எலியைத் தின்கிறது. அதுவும் ஒரே ராத்திரியில் பல எலிகளை.

பழைய வார்ஃபரின் கட்டியாக இருந்தால் ஓரளவு தப்பிக்க வழி உண்டு, அது உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். ஆனால் 1980களிலேயே நம் தோட்டத்து எலிகளில் சில அதற்குப் பழகிவிட்டன. பிறகு வந்தவைதான் புரோடிஃபாக்கும் மாதிரியான இரண்டாம் தலைமுறை மருந்துகள். எலி ஒரு தடவை தின்றாலே போதும், கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும். இந்த மருந்துக்கு மாறிய தோட்டங்களில் ஆந்தைகள் வேகமாகக் குறைந்ததை தீபகற்ப மலேசியாவில் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஸ்டோரில் இருக்கும் வாளியின் ஒட்டுத்தாளைப் படித்துப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும்.

போன மாதம் உங்கள் ஆட்கள் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஆந்தைக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், கம்பத்தடியில் உட்கார்ந்திருந்ததாம். ஆள் கிட்டே போனாலும் பறக்கவில்லையாம். வாயைத் திறந்து பார்த்தோம், உள்பக்கம் வெளுத்துப்போயிருந்தது. காலில் ஒரு சின்னக் கீறல்தான், ஆனால் இரத்தம் நிற்கவே இல்லை. டவுனில் இருக்கும் கால்நடை மருத்துவர் வைட்டமின் கே1 ஊசி போட்டார். முறிவு மருந்து அது ஒன்றுதான். நேரத்தோடு வந்தால் வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்துக் காப்பாற்றலாம். இது நேரம் கடந்து வந்தது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டிகளைக் காசு செலவு செய்து வைத்ததே உங்கள் தோட்டம்தான். ஐந்து, பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்று கணக்குப் போட்டுக் கம்பம் நட்டார்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும் என்று மேனேஜரே கூட்டத்தில் சொன்னாராம். அப்படிப்பட்ட பறவையைக் கூலி இல்லாமல் வேலைக்கு வைத்துவிட்டு, அதன் சாப்பாட்டில் விஷத்தையும் வைத்தால் என்ன நியாயம்?

உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. மருந்து வாங்குவது ஆபீஸ், போடுவது காண்ட்ராக்டரின் ஆட்கள், எலி கடித்த பழக்குலைக்குத் திட்டு வாங்குவது மட்டும் நீங்கள். எலியால் எண்ணெய் விளைச்சலில் 5 சதவீதம் வரை போகும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மருந்து வைக்கிற முறையும் உங்களுக்குத் தெரியும்தானே? எலி புதிதாகக் கடித்த மரங்கள் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆரம்பிக்க வேண்டும். மரத்துக்கு ஒரு கட்டி. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை, தின்று தீர்ந்த இடத்தில் மட்டும் மாற்றி வைக்க வேண்டும். மாற்ற வேண்டிய கட்டிகள் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இதில் நிறுத்துகிற கட்டத்தைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வாளி காலியாகும் வரை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எம்.எஸ்.பி.ஓ. என்கிற மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020-லிருந்து கட்டாயம் ஆகிவிட்டது. ஆடிட்டர் வரும்போது ஆந்தைப் பெட்டியைக் காட்டினால் போதாது, அதில் ஆந்தையும் இருக்க வேண்டும்.

பெரோக் குரங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நாயை ஏவி விரட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நம் பேராக் மாநிலத்திலேயே, செகாரி பக்கத்துக் காட்டையொட்டிய செம்பனைத் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரு பெரோக் கூட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 எலிகளைத் தின்கிறதாம். பழத்தையும் தின்னும், உண்மைதான். ஆனால் எலி செய்கிற நஷ்டத்தோடு வைத்துப் பார்த்தால் அது குறைவுதான் என்கிறார்கள்.

சரி, நாங்கள் யார், என்ன செய்கிறோம் என்றும் கேட்டீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டுகிற தம்பி ஒருவன், தாதிப் படிப்பு படிக்கிற பெண், அப்புறம் நான். எங்களில் யாரும் டாக்டர் இல்லை. எங்களிடம் இருப்பது அட்டைப் பெட்டி, பழைய துண்டு, தடித்த தோல் கையுறை, டாக்டரின் போன் நம்பர். அடிபட்ட பிராணியை இருட்டாக, அமைதியாக, கதகதப்பாக வைத்து, போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. வீட்டில் வைத்து வளர்க்க எங்களுக்கும் உரிமை கிடையாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, எல்லாருக்கும் ஒன்றுதான். தேவாங்கு, எறும்புத் தின்னி, சிறுத்தைப் பூனை மூன்றும் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குப் போன் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். எண் 1-800-88-5151. அவர்களுடைய தேசிய வனவிலங்கு மீட்பு மையம் சுங்காயில்தான் இருக்கிறது, இங்கிருந்து பக்கம்.

பெரும்பாலும் நாங்கள் செய்வது, அன்பால் நடக்கிற கெடுதலைத் தடுப்பதுதான். லைன் வீட்டுப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். முசாங் (மரநாய்) குட்டியைப் பார்த்தால் மாட்டுப்பால் கொடுக்கிறார்கள், அது வயிற்றுப்போக்கில் போய்விடுகிறது. ஆந்தைக் குஞ்சுக்குக் கோழிக்கறியை நறுக்கி ஊட்டுகிறார்கள். எலும்பும் ரோமமும் சேர்ந்த முழு எலியைத் தின்ன வேண்டிய குஞ்சு அது. வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் எலும்பு வளைந்துவிடுகிறது. மயங்கிக் கிடக்கும் பறவையின் அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. தேவாங்கு இரண்டு கையையும் தூக்கினால் கூச்சத்தில் கொஞ்சுகிறது என்று வீடியோ எடுக்கிறார்கள். அதன் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்து கடித்தால் விஷம். கையைத் தூக்குவது கடிக்கத் தயாராவதற்குத்தான். பூனை வாயிலிருந்து பிடுங்கிய குருவியை, காயமே தெரியவில்லை என்று அப்படியே பறக்கவிடுகிறார்கள். பூனைப் பல்லின் கிருமி ஒன்றிரண்டு நாளில் அதைக் கொன்றுவிடும், மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

சில சமயம் எடுக்காமல் விடுவதே உதவி. அடுக்கி வைத்த ஓலைக்கு அடியில் முசாங் குட்டிகளோ சிறுத்தைப் பூனைக் குட்டிகளோ சத்தம் போட்டால், தாய் இரை தேடப் போயிருக்கும். அந்த வரிசையை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டுப் பக்கத்து வரிசையில் குலை வெட்டச் சொல்லுங்கள். ராத்திரி தாய் வந்து வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஆந்தைக் குஞ்சின் கதை வேறு. பெட்டியிலிருந்து விழுந்த குஞ்சைத் தாய் தரையில் தேடி வந்து ஊட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். மற்ற ஆந்தைகளில் சில அப்படிச் செய்யும். இந்த வெள்ளை முக ஆந்தை பெரும்பாலும் தரையில் கிடக்கும் குஞ்சைக் கண்டுகொள்ளாது. அடி எதுவும் படவில்லையென்றால் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், அன்றைக்கே. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா பேச்சு. ஆந்தை அலறினால் சாவு விழும் என்று உங்கள் அம்மா சொல்வாரே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரியவர்களோடு யார் வாதாடுவது?

பெட்டியோ கம்பத்து உச்சியில் இருக்கிறது, எங்களிடம் ஏணி இல்லை. அதனால்தான் நல்ல குஞ்சுகளைக்கூட நாங்கள் சுங்காய்க்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. தாய் வளர்க்கிற மாதிரி எந்த மையமும் வளர்க்க முடியாது.

அடுத்த மாதம் பழைய பிளாக்கில் மறுநடவு ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னீர்கள். இருபத்தைந்து வருஷத்து மரங்கள். எக்ஸ்கவேட்டர் உள்ளே போவதற்கு முந்தின சாயங்காலம் எங்களை ஒரு நடை நடக்க விடுங்கள். பெட்டிகளில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கம்பத்தைச் சுற்றி நாலு வரிசையைக் கடைசியாகச் சாய்க்கச் சொல்லலாம். குஞ்சு பறக்க ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் மேனேஜர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், முடிந்த வரைக்கும் கேட்டுப் பாருங்கள். மருந்து வைக்கிற வாரத்தை முன்கூட்டிச் சொன்னால், செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்க நாங்களும் வருகிறோம். பாம்பு தின்றாலும் நாய் தின்றாலும் அதே விஷம்தான்.

இப்போதைக்கு ஏணிதான் அவசரம். உங்கள் ஸ்டோரில் நீளமான அலுமினிய ஏணி ஒன்று சும்மா கிடப்பதைப் பார்த்தேன். சாவி ஆபீஸ் கிராணியிடம் (குமாஸ்தாவிடம்) இருக்கிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இருப்பாரா என்று கேட்டு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். ஏற்றிப்போகத் தம்பியின் லாரி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
மருந்தகத்துத் தங்கச்சி, பீடோர்